சாம்பற்குன்று ஏறும் அருமைநாயகி

ஊக்கம் என்னும் நற்பண்பு, ஞாயிறு விடியலில் லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்னும் ஊரின் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றவாறே குதிகாலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருக்கிறது. நெற்றியில் திருநீறு, சுடிதாருக்குக் கீழே மலையேறிகள் அணியும் தடித்த சப்பாத்து, கையில் பனிச்சறுக்குக்காரர் ஊன்றும் கோல். "வாறான், வாறான், கெதியா வாங்கோ!" என்று, பேருந்து வளைவில் தலைகாட்டும் முன்பே அது குரல் கொடுக்கிறது. அந்த ஊக்கத்துக்கு அருமைநாயகி என்று பெயர்.

கிழமை நாள்களில் முதியோர் இல்லம் ஒன்றின் நிலவறையில் துணி வெளுத்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவது அவர் தொழில். ஆவி பறக்கும் அவ்வறையில் சன்னல் கிடையாது. "ஆறு நாள் நிலத்துக்குக் கீழ நிக்கிற ஆள், ஒரு நாளாவது மேல ஏற வேணும். இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிச்சுப் போம்" என்பார். அழுத்திப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. பேசிக்கொண்டே எதிரில் நிற்பவர் சட்டைக் கழுத்தை உள்ளங்கையால் நீவி நேராக்கிவிடுவார். கவுன்சிலிலிருந்து வீடு பார்க்க வந்த வெள்ளைக்கார அலுவலரும் தப்பவில்லை.

லண்டனுக்கு வருமுன் சுவிற்சர்லாந்தில் ஒரு மலைவிடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். ஓய்வுநாளில் விடுதிப் பணியாளர்கள் சிகரம் நோக்கிப் புறப்பட, இவரும் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு பின்தொடர்ந்திருக்கிறார். தளர்ந்தவரை உந்த அந்நாட்டார் சொல்லும் "ஹொப், ஹொப்" அன்றே அவர் நாவில் ஏறிக்கொண்டது. பிடிவாதமான கறையைத் தேய்க்கும்போதும் அதைத்தான் சொல்கிறார். அத்தகையவருக்குப் பார்க்கிங், தோசைக்கல்லைப்போல் தட்டையாக வாய்த்தது. ஏ-13 பெருஞ்சாலையில் ஒருநாள் பேருந்தின் மேல்தட்டிலிருந்து பெக்டன் குன்றைக் கண்டபோது, மணியை அழுத்தி நடுவழியில் இறங்கியே விட்டார்.

அது இறைவன் படைத்த குன்றன்று. நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த பழைய ஆலை ஒன்று காலங்காலமாகக் கொட்டிய சாம்பலும் கசடும் இறுகி எழுந்த மேடு. பாதி வேலிக்குள் அடைபட்டுக் கிடக்க, மறுபாதியில் ஓர் ஒற்றையடிப் பாதை வளைந்து ஏறுகிறது. நிழல் தரும் மரம் அரிது. முட்புதர், காய்ந்த புல், காலடியில் நொறுங்கும் சரளை. 2009 ஆவணி வெயிலில் பார்த்தால், குறிஞ்சி பாலையின் உடையை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டதுபோல் இருக்கிறது. கீழே பெருஞ்சாலை இரைகிறது. முதல் வளைவைத் தாண்டியதும் அவ்விரைச்சல் அடங்கி, காற்று மட்டும் பேசுகிறது.

"அக்கா, ஊரெல்லாம் பூங்கா இருக்க, ஏன் இந்தக் குப்பைமேட்டில ஏறுறியள்?" என்று பக்கத்து வீட்டு நகுலேஸ்வரி கேலி செய்தார்.

"பூங்காவில நடந்தா நடந்ததுதான். இதில ஏறினா, ஏறினதெல்லே" என்பது மறுமொழி.

அருமைநாயகியின் கணவர் சிவபாதத்துக்கு மாசி மாதம் நெஞ்சில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. ஓடவும் செய்யலாம் என்று மருத்துவர் உறுதிகூறியும் அவர் நம்பவில்லை. மாடிப்படியை அஞ்சிக் கட்டிலை முன்னறைக்கு இறக்கிக்கொண்டார். அருமைநாயகி மாடியில் தனியே உறங்கினார். வைகாசியில் ஊரில் போர் முடிந்த செய்திகள் வந்த பிறகு சிவபாதம் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, அணைந்த திரையையே பார்த்திருந்தார்.

"நீர் ஞாயிறெண்டா மலைக்குப் போறீர். இஞ்ச நான் செத்துக்கிடந்தாலும் ஆருக்குத் தெரியும்?"

"அப்ப நீங்களும் வாங்கோ. ஒருக்கா மேல வந்து பாருங்கோ. ஏலாட்டி, நான் இனி அந்தப் பக்கமே போகமாட்டன், உங்களோட வீட்டில இருக்கிறன். ஏறினீங்களோ, கட்டில் மாடிக்குப் போகும்."

"சும்மா சொல்லுவீர்."

அருமைநாயகி சுவாமி அலுமாரியைத் திறந்து, கற்பூரம் கொளுத்தி, சுடரின்மேல் உள்ளங்கையை ஓங்கி அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். கை சிவந்த பிறகுதான், தமக்கு இனியதொன்றைப் பணயம் வைத்துவிட்டோம் என்பது உறைத்தது. கடவுள்முன் அடித்ததை மாற்ற அவருக்குத் தெரியாது.

ஆகவே, இந்த ஞாயிறு, குன்றின் அடியில் இருவர். அருமைநாயகி குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாம்பல்மேட்டையும் கும்பிடுறீரே" என்றார் சிவபாதம்.

"முருகனுக்குச் சாம்பல் என்ன புதுசே? தேப்பன் சிவன் உடம்பெல்லாம் பூசியிருக்கிறது அதைத்தானே."

சொல்லிவிட்டு முன்னே நடந்தார். முதல் வளைவில் சிவபாதம் ஒரு கல்லில் அமர்ந்துவிட்டார். "நெஞ்சு படபடக்குது."

"நெஞ்செண்டா படபடக்கத்தானே வேணும். நிண்டாத்தான் பயம். எழும்புங்கோ. ஹொப், ஹொப்."

"ஆட்டைச் சாய்ச்சு ஓட்டுற மாதிரி ஓட்டுறீர்."

"ஆடெண்டா இதுக்குள்ள உச்சிக்குப் போயிருக்கும்."

அவர் எழுந்தார். அருமைநாயகி சில அடி முன்னால் நடந்தார். ஆனால் உயிரெல்லாம் செவியில் திரண்டு பின்னோக்கி இருந்தது. சரளை நொறுங்கும் ஒலி வந்தது, இழுபட்டு வந்தது, பின்பு நின்றது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பினால் அந்த முகத்தைக் காண நேரும். கண்டால், "போதும், இறங்குவம்" என்று தம் வாயே சொல்லிவிடும். கோலை இறுகப் பற்றிக்கொண்டு, ஆறெழுத்து மந்திரத்தை முணுமுணுத்தவாறு நின்றார். 'நானே இவரைக் கொண்டுவந்து கொல்லுறனோ' என்ற எண்ணம் பளிச்சென்று வெட்டியது. ஆற்றுப்பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் எழுந்து தலைக்கு மேலே முழங்கிச் சென்றது. அம்முழக்கத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

முழக்கம் ஓய்ந்தபோது, சரளையின் ஒலி அவர் தோளருகே கேட்டது.

"இஞ்சேரும், ஏன் நிண்டிட்டீர்? களைச்சுப் போனீரோ?" சிவபாதம் அவரைக் கடந்து முன்னே போய்க்கொண்டிருந்தார். முகம் வியர்த்திருந்தது, வாயோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. "வாரும், வாரும். ஹொப், ஹொப்."

அருமைநாயகி ஏறக்குறைய ஓடினார். உச்சியில் காற்று இருவர் ஆடையையும் பிடித்து இழுத்தது. தேம்ஸ் நதி வெள்ளித் தகடாய் வளைந்து கிடக்க, மேற்கே கண்ணாடிக் கோபுரங்கள் வெயிலை வாங்கி வீசின. கீழே ஊர்திகள் எறும்பாய் ஊர்ந்தன. சிவபாதம் சிறுவனைப்போல் விரல்நீட்டிச் சுழன்றார்.

"அந்தா, மனோர் பார்க் முருகன்ர கோபுரம்!"

"கண்ணாடியைத் துடையுங்கோ. உது பாரந்தூக்கிற கிறேன்."

"கிறேனோ? பரவாயில்லை, கும்பிட்டிட்டன்." மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் கேட்டார்: "கட்டிலைத் தூக்க ஆரைக் கூப்பிடுவம்?"

அருமைநாயகி அவசரமாகக் கணவரின் மணிக்கட்டைப் பற்றி நாடியைத் தேடினார். சிவபாதம் அந்தக் கையை மெல்லத் திருப்பி, மனைவியின் மணிக்கட்டில் தம் இரு விரல்களை வைத்து, கண்மூடிச் சற்றுநேரம் கேட்டிருந்தார்.

"எனக்கு ஒழுங்காத்தான் அடிக்குது. உமக்குத்தான் துள்ளுது" என்றார். பாதை இறங்கத் தொடங்கிய பின்னும் அக்கையை அவர் விடவில்லை.

குன்றுதோறும் கோயில்கொண்ட செவ்வேள் துணைநிற்க, இவ்விருவர்தம் மனை விளக்கு நெடிது ஒளிர்க. அம்மனையில் அச்சம் அகன்று, அன்பு தழைத்து, எல்லா நலனும் பெருகுக.