அம்மன் வாசலில் ஐமூலைக் கல்

நான் எட்டாம் ஆண்டில் பல்கோணி படித்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்கவில்லை. பக்கங்கள் எல்லாம் சமன், கோணங்களும் எல்லாம் சமன் என்றால் அது ஒழுங்கான பல்கோணி. இரண்டில் எது தவறினாலும் ஒழுங்கற்றது. கணித ரீச்சர் இதைச் சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துவைத்து விசாரித்தேன். சைக்கிள் நட்டு ஆறு பக்கமும் சமனாக இருந்து பாஸானது. எங்கள் வீட்டுக் கதவு, கோணங்கள் சமனாக இருந்தும் பக்கங்களில் கோட்டைவிட்டுப் பெயிலானது. ஊர் வயல்வெளியான வட்டைக்குள் இருந்த அப்பாவின் வயல் ஒழுங்கற்ற எழுகோணி என்று அவர் சோறு தின்றுகொண்டிருக்கும்போது அறிவித்தேன். "விளைஞ்சா காணும் புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் மீன் முள்ளை எடுத்துப்போட்டார்.

"இவள் இனி என்னையும் அளந்து பாத்திட்டு ஏதும் சொல்லுவாள்" என்று அம்மா முணுமுணுத்தா.

அலுக்காமல் கேட்டது மாமா ஒருவர்தான். அம்மாவின் கடைசித் தம்பி. அந்த வருடம்தான் எங்கள் வளவின் பின்பக்கம் அச்சில் வார்த்துச் சீமெந்துக் கல் அரிகிற வேலையைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். பின்னேரம் கையிலும் காலிலும் அப்பியிருந்த சீமெந்தைக் கழுவிவிட்டு நேரே என்னிடம் வருவார்.

"இண்டைக்கு ரீச்சர் என்ன படிச்சிக் குடுத்தவ? சொல்லன் புள்ள."

நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். அவர் அத்தோடு விடமாட்டார். ரீச்சர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாவா, சும்மா சொன்னாவா? தொண்டை கட்டியிருந்ததே, சுகமாகிவிட்டதா? பாடம் நடந்த சூழ்நிலையையும் சேர்த்து அறிந்தால்தான் கணிதம் முழுமையாக விளங்கும் என்று மாமா நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்திலேயே கல்வியில் இத்தனை அக்கறை உள்ள ஆள் வேறு இல்லை என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ரீச்சர் எழுவான்கரையிலிருந்து வருகிறவ. நாங்கள் படுவான்கரை. நடுவில் வாவி. பாதை என்று நாங்கள் சொல்கிற இழுவைத் தெப்பத்தில் ஏறி, தினமும் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு அக்கரையிலிருந்து வந்து இறங்குவா. மாமாவுக்கும் அந்த வருடம் முழுக்கக் காலையில் துறையடியில் ஏதோ ஓர் அலுவல் இருந்தது.

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும். வைகாசியில் சடங்கு தொடங்கும்போது கதவு திறப்பார்கள். சடங்கு முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். கதவு திறக்கிற அன்று ஊரே வாசலில் நிற்கும். வாசல் முழுக்கக் கால் புதையும் மணல் என்பதால் வயதானவர்கள் நடக்கப் படாத பாடு படுவார்கள். அதற்காக அந்த வருடம் வீதிப் படலையிலிருந்து கோயில் வாசல்வரை கல் பதிக்கத் தீர்மானித்து, கோயில் காரியங்களுக்குப் பொறுப்பான வண்ணக்கர் அந்த வேலையை மாமாவிடம் கொடுத்தார். மாமாவுக்கு அது முதல் பெரிய வேலை. அதைச் சரியாகச் செய்தால் பேர் நிற்கும், பிழைத்தால் கல் அரிகிற வேலையையே மூட்டைகட்ட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா.

"சதுரமா அரிஞ்சு போட்டாக் காணும் தம்பி" என்றார் வண்ணக்கர்.

"சதுரம் எல்லாரும் போடுறதுதானே" என்றார் மாமா.

அந்தக் கிழமைதான் ரீச்சர் கரும்பலகையில் ஒழுங்கான ஐங்கோணி கீறிக் காட்டினா. பெரிய மரக் கவராயத்தை ஊன்றி, வட்டம் போட்டு, ஐந்து இடத்தில் வெட்டி, கோடுகளைச் சேர்த்தபோது வகுப்பே வாயைப் பிளந்தது. கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டு, "எனக்கு இந்த உருவத்திலதான் ஆக விருப்பம்" என்றா. இதையும் நான் அன்று பின்னேரம் மாமாவிடம் ஒப்பித்தேன். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எதில விருப்பமாம்? திருப்பிச் சொல்லு."

"ஐங்கோணியில, மாமா. ஒழுங்கான ஐங்கோணி."

"அதை வடிவா எனக்குக் கீறித் தா."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய கலண்டர் அட்டையில் பாகைமானியை வைத்து, மூலைக்கு நூற்றெட்டுப் பாகையாக ஐந்து மூலையும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கீறி வெட்டிக் கொடுத்தேன். மாமா அந்த அட்டையை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் இரும்பில் அச்சுச் செய்வித்து வந்தார். மறுநாள் முதல் எங்கள் வளவில் ஐங்கோணிகள் பிறக்கத் தொடங்கின. மாமா கலவையை அள்ளிப்போட்டு இறுக்கித் தட்டி அச்சைத் தூக்குவார். கீழே ஐந்து மூலையும் கூராக ஒரு கல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. தெருவால் போனவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாமா கல்லைப் படம்பிடித்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று இடைக்கிடை போனை எடுத்துப் பார்ப்பார். பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தும் ஏனோ அவருக்குப் போதவில்லை.

வகுப்பில் நான் சும்மா இருப்பேனா? "ரீச்சர், எங்கட மாமா கோயிலுக்கு ஐங்கோணிக் கல் அரியிறார்!"

ரீச்சர் புருவத்தை உயர்த்தினா. "முழுக்க ஐங்கோணியா?"

"ஓம் ரீச்சர். எல்லாம் ஒழுங்கானது. நான்தான் கோணம் அளந்து குடுத்தன்."

"இடையில வேற உருவம் ஒண்டும் போடல்லையா?"

"இல்ல ரீச்சர்."

ரீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டா. அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் கல் காய்ந்துவிட்டதா என்று விசாரிப்பா. ஒருநாள், "உங்கட மாமா சந்தேகம் ஒண்டும் கேக்கல்லையா?" என்றா.

"அவருக்குச் சந்தேகமே வராது ரீச்சர்" என்றேன் பெருமையாக.

கதவு திறக்கச் சில நாட்களே இருக்கும்போது கற்களை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். மணலை மட்டமாக்கி, கயிறு பிடித்து, மாமா முதற்கல்லை வைத்தார். பக்கத்தோடு பக்கம் சேர்த்து இரண்டாவது கல். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கல்லும் அழகாக வந்து உட்கார்ந்தது. நான் கைதட்டினேன். நாலாவது கல் போகவில்லை. அது போகவேண்டிய இடத்தில் ஓர் ஒடுங்கிய வெடிப்புத்தான் இருந்தது. மாமா கல்லைத் திருப்பினார். கிடத்திப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு அடுத்த மூலையிலிருந்து தொடங்கினார். அங்கும் மூன்று கல், பிறகு அதே வெடிப்பு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வண்ணக்கர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன தம்பி இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இரிக்கி?"

"சரிவரும் அண்ணே."

"கதவு திறக்கிறதுக்குள்ள சரிவரல்லண்டா எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போ. அம்மாள்ட வாசல்ல வேலையைக் குழப்பினவனுக்கு ஊருக்குள்ள மறுகா ஆர் வேலை தருவான்?"

மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் வழி எனக்குத் தெரிந்திருந்தது. "நான் பாதையில ஏறி அக்கரைக்குப் போய் ரீச்சரிட்டக் கேட்டுக்கொண்டு வாறன் மாமா. அவக்குத் தெரியும்."

மாமா என் கையை எட்டிப் பிடித்தார். "ரீச்சரிட்ட மட்டும் வாய் திறந்திராத, சொல்லிப்போட்டன்!"

கணிதத்தில் பிரச்சினை வந்தால் கணித ரீச்சரிடம் கேட்கக்கூடாது என்பது என்ன நியாயம்? எனக்கு விளங்கவே இல்லை. கோபத்தோடு வீட்டுக்கு வந்து, மிச்சக் கலண்டர் அட்டைகளையெல்லாம் ஐங்கோணியாக வெட்டி அறைத் தரையில் பரப்பினேன். ஒரு புள்ளியைச் சுற்றி முந்நூற்று அறுபது பாகை. மூன்று கல்லுக்கு முந்நூற்று இருபத்து நாலு. மிச்சம் முப்பத்தாறு. நூற்றெட்டு எப்படி முப்பத்தாறுக்குள் போகும்? மாமா தலைகீழாக நின்றாலும் போகாது. வேறு விதமாக அடுக்கினேன். அங்கும் முப்பத்தாறு. இன்னொரு விதமாக அடுக்கினேன். மூன்று கல் சேர்ந்த இடமெல்லாம் அதே முப்பத்தாறுதான்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவு! அட்டைகளை ஒன்று மேலே பார்க்க, ஒன்று கீழே பார்க்க வரிசையாக வைத்து, அடுத்த வரிசையை மெல்ல நெருக்கினேன். வெடிப்பின் மறுமுனையை அந்த வரிசை வந்து மூடியது. தரையில் ஒரு சின்ன நீட்டு உருவம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதே மாதிரி. நாலு பக்கம். நாலும் ஐங்கோணியின் பக்கத்தோடு சமன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தலையை நிமிர்த்தினால், யன்னலுக்கு வெளியே வேலியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. இழுத்துப் பிடித்த வலைக்கண்!

ஓடினேன். செருப்புப் போட நினைவில்லை. கோயில் வீதி முழுக்கக் கேட்க, "மாமா! வலைக்கண்! வலைக்கண்!" என்று கத்திக்கொண்டு போனேன். பாம்பைக் கண்டுவிட்டேன் என்று நினைத்துப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தடியோடு வந்தார்கள்.

மணலில் அட்டைகளைப் பரப்பிக் காட்டினேன். மாமா குந்தியிருந்து பார்த்தார். "நாலு மூலையா? இது ஒழுங்கானதா?"

"இல்ல மாமா. பக்கம் சமன், கோணம் சமனில்ல. ஒழுங்கற்றது. ஆனா எல்லா ஓட்டையும் இதேதான்."

"இதுக்கு அச்சுச் செய்ய இனி எங்க நேரம்?"

"அச்சு என்னத்துக்கு மாமா? ஓட்டைதானே அச்சு!"

மாமா என்னைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், பிறகு "ஐயோ!" என்று கத்தி என்னைத் தூக்கிச் சுற்றினார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான சுற்று இன்னும் கிடைக்கவில்லை. உடனே வேலை தொடங்கியது. மாமா ஐங்கோணிகளை அட்டையில் இருந்தபடியே பதித்துக்கொண்டு போனார். இடையில் விழுந்த வலைக்கண்களுக்குள் காவி கலந்த சீமெந்தை ஊற்றினோம். என்னோடு படித்த பிள்ளைகள் வாவிக் கரைக்கு ஓடி மட்டிச் சிப்பிகளைப் பையோடு பொறுக்கி வந்தார்கள். ஈரம் காயுமுன் ஒவ்வொரு சிவப்புக் கண்ணுக்குள்ளும் வெள்ளைச் சிப்பியை அழுத்தினோம். ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, உன்னுடையது கோணல், என்னுடையதுதான் வடிவு என்று சண்டை பிடித்துக்கொண்டு அழுத்தினோம்.

வேலை முடிந்து காய்ந்தபின் வண்ணக்கர் வெறுங்காலோடு படலையிலிருந்து வாசல்வரை நடந்து பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி" என்றார். "சதுரம் போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றும் சொன்னார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கதவு திறக்கிற அன்று ரீச்சரும் தன்னுடைய அம்மாவோடு வாவி கடந்து வந்திருந்தா. பறை முழங்கியது. பெண்கள் குரவை போட்டார்கள். கதவு திறந்ததும் அத்தனை தலைக்கு மேலும் கைகள் குவிந்தன. எல்லோரும் அம்மனைப் பார்க்க, ரீச்சர் மட்டும் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றா. கொஞ்சம் தள்ளி, வெள்ளை வேட்டி கட்டி, தலை படிய வாரி, மாமாவும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கேயாவது ஓட்டை மிச்சம் இருக்கிறதோ என்று இரண்டு பேரும் தேடுகிறார்கள் என்று பயந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

"இது ஆர்ர யோசனை?" என்று சிவப்புக் கண் ஒன்றைக் காட்டி ரீச்சர் கேட்டா. மாமா என்னைக் காட்டினார்.

"ஐங்கோணி?"

மாமா வேட்டி மடிப்பை நீவிவிட்டார். "நல்ல உருவமெண்டு... மருமகள் சொன்னவ" என்றார் காலைப் பார்த்துக்கொண்டு. ரீச்சர் சிரித்துவிட்டா. நான் விடவில்லை. நூற்றெட்டு மூன்று, மிச்சம் முப்பத்தாறு என்று ஆதியோடந்தமாக விளங்கப்படுத்தினேன். இரண்டு பேரும் நான் சொல்லச் சொல்ல "ஓம், ஓம்" என்றார்கள். இப்போது நானும் கணிதம் படிப்பிக்கிறேன். அன்றைக்குக் கிடைத்த மாதிரி இரண்டு மாணவர்கள் பிறகு கிடைக்கவே இல்லை.

வருடத்தின் கடைசித் தவணையில் தெசலாக்கம் என்றொரு பாடம் வந்தது. இடைவெளி இல்லாமல் உருவங்களால் தளத்தை நிரப்புவது. சமபக்க முக்கோணியால் நிரப்பலாம், சதுரத்தால் நிரப்பலாம், ஒழுங்கான அறுகோணியால் நிரப்பலாம். "ஒழுங்கான ஐங்கோணியால் மட்டும் நிரப்ப முடியாது" என்று ரீச்சர் எழுதி முடிக்கமுன் நான் எழும்பிவிட்டேன்.

"ரீச்சர்! அப்ப உங்களுக்கு முதலே தெரியும்! மாமா கல் அரியக்குள்ளேயே தெரியும்! ஏன் சொல்லல்ல?"

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ரீச்சர் திரும்பவில்லை. "சந்தேகம் வந்தா உங்கட மாமா வந்து கேப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றா, கரும்பலகையிடம்.

"அவர் கேக்க மாட்டார் ரீச்சர். என்னையும் உங்களிட்டக் கேக்க வேணாமெண்டு சொல்லிட்டார்."

"ஏனாம்?"

"தெரியா ரீச்சர். ஏன் ரீச்சர்?"

ரீச்சரின் காது மடல் சிவந்திருந்தது. "அது அடுத்த தவணையில விளங்கும். இரிங்க" என்றா.

நான் என் இடத்தில் இருந்துகொண்டு புத்தகத்தின் மிச்சப் பக்கங்களைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பாடம் அதில் இல்லை. அடுத்த தவணை தொடங்கிய தை மாதத்தில், பட்டுச்சேலையும் மாலையுமாக இருந்த ரீச்சரின் கழுத்தில் மாமா தாலி கட்டியபோது நான் மிகக் கிட்ட நின்று பூப் போட்டேன். போட்டுவிட்டு, அந்தப் பாடத்தை எப்போது தொடங்குவா என்று கேட்க, ரீச்சர் நிமிரும்வரை காத்துக்கொண்டு நின்றேன்.