கரி படாத கலவைக்காரர்

தன் தம்பியை ஆண்டவன் படைத்த அன்று வாயிலிருந்துதான் தொடங்கியிருப்பான், கைக்கு வரும்போது சரக்கு தீர்ந்துபோயிருக்கும் என்று அக்கா நினைத்துக்கொள்வாள். வேறு எப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்வது? முதலாளியிடம் கெஞ்சி அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவளே அவள்தான்.

கெப்பாசிட்டர் செய்கிற கம்பெனி அது. மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்டதும் சட்டென்று கொடுக்கிற விரல் நீளச் சாமான். அதன் வயிற்றில் இருப்பது கரி. ஒரு வகைக் கரி சொரசொரப்பானது, பஞ்சு தண்ணீரைக் குடிக்கிற மாதிரி மின்சாரத்தைக் குடித்து வைத்திருக்கும். ஆனால் சோம்பேறி. உள்ளே போனது வெளியே வர நேரமாகும். அதனால் மாவை விட மெல்லிய புகைக்கரியைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது இடுக்கெல்லாம் புகுந்து மின்சாரம் ஓட வழி போட்டுக் கொடுக்கும். இரண்டையும் பசையோடு குழைத்து அலுமினியத் தாளில் பூசி, காயவைத்து, தாள்கள் ஒன்றையொன்று தொடாமல் தடுக்க நடுவே வெள்ளைக் காகிதம் வைத்துச் சுருட்டினால் வேலை முடிந்தது.

சுருட்டுகிற அறையில் அக்காவும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். பக்கத்து அறையில் தம்பி கலவைக்காரன். கலவைக்காரன் என்று அவன் காதுபடச் சொல்லிவிட முடியாது.

"கரின்னு சொல்லாதீங்க மாமா, கார்பன். நான் எலெக்ட்ரானிக்ஸ்ல இருக்கேன்" என்பான் மாமனார் வீட்டில். அவர் தன் பழைய ரேடியோவைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததும், "இதெல்லாம் சின்ன வேலை, நான் தொடறதில்லை" என்று எழுந்துவிட்டான்.

கரி அறைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஒரே பிறவி அவன். அதுவும் மடிப்புக் கலையாமல். கம்பெனியில் அவனுக்குத் தொரை என்று பெயர். கேலி என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் மட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

"ஏங்க்கா, உங்க தொரை இப்ப கொஞ்ச நாளா சாயங்காலம் கூட வெள்ளையாவே போறாரே? கரியைத் தொடறாரா, இல்ல தூர நின்னு அதட்டுறாரா?" என்று பெண்கள் கேட்பார்கள். அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள்.

திடீரென்று ஒரு மாதம் சரக்கெல்லாம் கெட்டது. ஏற்றிய மின்சாரம் நிற்கவில்லை, ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி தானாகவே இறங்கிப்போனது. சோதிக்கிறவர் கூடை கூடையாகக் கழித்துப் போட்டார். முதலாளி வந்து நின்றார். யாரும் வாய் திறக்குமுன் தொரை முன்னால் வந்தான்.

"கலவையில குத்தமே இல்லீங்க முதலாளி. சுத்துற இடத்துலதான். பொம்பளைங்க கை வேர்வை, அப்புறம் ஓயாத பேச்சு. காகிதம் ஈரமாயிடுது."

கூடப் பிறந்தவள் எதிரே நிற்கிறாளே என்ற கூச்சம் கூட இல்லை.

"அடுத்த சரக்கும் இப்படி வந்தா இந்த அறையை மூடிட்டு வேலையை வெளியில குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். புருஷன் இல்லாத அக்காவுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு பிழைப்பில்லை.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனபோது, கண்ணாடியை மேசையில் மறந்துவிட்டோமே என்று அக்கா திரும்பி வந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. புகைக்கரி கொட்டும்போது அதைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மெதுவாகக் கொட்ட வேண்டும். அதுதான் முறை. கொட்டுகிற ஆள் கறுத்துப்போவான், குளித்தால் போய்விடும்.

ஜன்னல் அகலத் திறந்திருந்தது. தொரை தன் முதுகுக்குப் பின்னால் பெரிய விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, மூட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒரு பொட்டுக் கூடப் படவில்லை. அத்தனையும் மெல்லிய புகையாக ஜன்னல் வழியே வந்து, விரித்து வைத்த வெள்ளைக் காகிதச் சுருள்கள் மேல் இறங்கியது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே வழி போடுகிற கரி, தடுக்க வைத்த காகிதத்திலும் வழி போட்டுவிட்டது. பிறகு மின்சாரம் எங்கே நிற்கும்?

"டேய், என்னடா பண்ற?"

அவன் விசிறியை நிறுத்தினான். "காத்து வேணாமாக்கா? வேர்க்குது."

"நீயே முதலாளிகிட்ட சொல்லிடு."

"சொன்னா என் மானம் என்னாவறது? மாமனார் வீட்ல என்ன நினைப்பாங்க? நீங்க காகிதத்தை மூடி வச்சிருக்கணும், தப்பு உங்க மேல."

"எத்தனை வீட்டு அடுப்பு அணையப் போகுது தெரியுமா?"

"உனக்கு மட்டும் வேலை போகாம நான் பேசிக்கறேன். என்னை மதிப்பாரு."

அக்கா வழக்கம்போலக் கண்ணை மூடி, கோபமில்லாமல் பேச வாய் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அன்றைக்கு மட்டும் பலிக்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போய், கையோடு அழைத்து வந்து, ஜன்னலையும் விசிறியையும் காகிதத்தையும் காட்டினாள்.

முதலாளி கத்தவில்லை. ஜன்னலைச் சாத்தினார். "இப்போ கொட்டுங்க தொரை, பார்ப்போம்" என்றார்.

தொரை மூட்டையைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். "எனக்கு இது தகுதியான இடமில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். சுமை இறக்குகிறவர் வந்து கொட்டினார். புதுக் காகிதம் வைத்துச் சுருட்டிய அந்தச் சரக்கில் ஒன்று கூடக் கழியவில்லை. பெண்கள் நாற்காலி பெண்களுக்கே நின்றது.

வாரம் ஒன்று போயிருக்கும். தம்பி பெண்டாட்டி கம்பெனி வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"அண்ணி, அவர் விட்டுட்டுப் போன வேலை காலியாத்தானே இருக்கு? எனக்குக் கேட்டுச் சொல்றீங்களா?"

கிடைத்தது. முதல் நாள் சாயங்காலம் வெளியே வந்தவள் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்க, அவளும் சிரித்தாள்.

அக்கா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"முதலாளிக்கு ஒரு யோசனை எழுதுறாரு அண்ணி. கரி பறக்காம கலக்குறது எப்படின்னு."

"எழுதி முடிச்சாச்சா?"

"தன் பேரைப் போட்டிருக்காரு. இன்னும் விஷயத்துக்கு வரலை."

"குனிம்மா" என்று அக்கா அவள் பின்கழுத்தில் தண்ணீரை ஊற்றினாள்.