சந்துப் பக்கத்து வால்வு

மார்கழியில் ஒருநாள் காலை சமையலறைக் குழாயைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. குளியலறைக் குழாய், பின்பக்கத்துக் குழாய் எல்லாவற்றையும் திருகிப் பார்த்தேன். ஒன்றிலும் சொட்டு இல்லை. வெயில் காலத்தில் இப்படி ஆனால் ஆரணியில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த வருஷமோ ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை தாண்டியும் விடவில்லை. தெருவே சொதசொதவென்று கிடந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர், என் வீட்டுக் குழாயில் மட்டும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. எதற்கும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கணவர் இறந்த பிறகு நான் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். முன்னறையில் என் தறி. குழித்தறி என்பதால் தரையில் வெட்டிய பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். மழை நாட்களில் அந்தப் பள்ளத்தில் நீர் ஊறும். தினமும் காலையில் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, அடியில் சாக்கை மடித்துப் போட்டு நெய்யத் தொடங்குவேன். சாயந்தரத்துக்குள் சாக்கு நனைந்து பாதம் விறைத்துவிடும். "கால் வெரல் கீதோ இல்லையோன்னே தெரியலப்பா" என்று அப்பாவிடம் புலம்புவேன். அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்திருந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வருவார். வேலூரில் காட்டிய டாக்டர், இது ஏறிக்கொண்டே போகும், இறங்காது என்று சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கும் என் தம்பி ஃபோன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "தறியையும் பாத்துகினு அவரையும் எப்டிக்கா பாப்ப? இங்க அனுப்பிடு, பகல்ல கூட இருக்க ஆள் வச்சிக்கலாம்." அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாலாவது மாடியில் ஒரு கட்டிலில் அப்பாவை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. "என்னை அடையாளம் தெரியற வரைக்கும் அவர் இங்கதான்டா இருப்பாரு" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அன்று காலை காப்பி கொடுத்தபோதுகூட என்னை எப்போதும் போல "எம்மா" என்று கூப்பிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மோட்டாரைப் போட்டேன். ஓடியது. சற்று நேரத்திலேயே மாடித் தொட்டி வழிந்து பின்பக்கம் கொட்ட ஆரம்பித்தது. ஆக, தொட்டியில் தண்ணீர் நிரம்பித்தான் இருக்கிறது, கீழே இறங்கத்தான் மாட்டேன் என்கிறது. வழக்கமாக வரும் மோட்டார் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன்.

"பெரணமல்லூர்ல வேலையா கீறேங்க. சாயந்தரம்தான் வர முடியும்."

"அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?"

"பைப்புல காத்து அடைச்சிகினு இருக்கும். குழாயில வாய வச்சி நல்லா ஊதிப் பாருங்க."

ஊதினேன். கன்னம் வலிக்க, கண்ணில் நீர் வர ஊதினேன். வாயெல்லாம் துருவின் கசப்புதான் மிஞ்சியது. பனிக்கு நைட்டி மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரோடு மாடிக்கு ஏறினேன். தொட்டியில் தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். கையே கழன்றுவிடும் போல அப்படி ஒரு ஜில்லிப்பு. அடைப்பு எதுவும் தட்டுப்படவில்லை. தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வும் திறந்துதான் இருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. குழாய் அந்தச் சந்து வழியாகத்தான் இறங்கும். அங்கே இன்னொரு வால்வு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரியோடு சாக்கடை விஷயமாக அப்போது எனக்குப் பேச்சுவார்த்தை சரியில்லை. அதனால் சந்துக்குள் போய்ப் பார்க்கும் பொறுமைகூட எனக்கு இல்லை. நேராக அவள் வாசலில் போய் நின்றேன். அவள் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டு வால்வ எதுக்கு மூடி வச்சிகீறீங்க?"

"இன்னாக்கா காலங்காத்தால பேஜார் பண்றீங்க? உங்க வால்வ மூடி எங்களுக்கு இன்னா ஆவப்போவுது?" என்றவள் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்கப்பாதான் விடியறப்போ சந்துல குந்திகினு இருந்தாரு. பனியில இன்னா பெரிப்பா பண்றீங்கன்னு கேட்டேன். நீங்க யாருங்கன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு."

"எங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல. உங்களை மறந்துட்டாருன்னா நல்லதுதான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சந்துக்குள் நுழைந்தேன்.

வால்வு மூடித்தான் இருந்தது. மூடியதோடு விடாமல், அதன் சக்கரத்தைக் குழாயோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தது. அரக்கு நிறப் பட்டு நூல். அப்போது என் தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலையின் நூல். அறுந்த இழைகளை நான் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து எடுத்திருக்க வேண்டும். எங்கும் முடிச்சே இல்லை. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் அதன் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாக விரலால் முறுக்கித்தான் பிணைப்போம். அதே முறுக்கு. பாவு பிணைக்க எங்கள் தெருவில் முன்பெல்லாம் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சட்டையை நேராகப் போடத் தெரியாதவரின் விரல்கள் இதை மறக்கவில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

ஓர் ஓரத்திலிருந்து நூலைப் பிரிக்கத் தொடங்கினேன்.

"பிரிக்காதீங்க" என்று பின்னால் குரல் கேட்டது.

அப்பா சந்தின் முனையில் நின்றிருந்தார். என் தலைத்துண்டையும் கையிலிருந்த ஸ்பேனரையும் பார்த்தார்.

"பம்பு ரிப்பேருக்கு வந்தீங்களா?"

"அப்பா, நான்தாம்பா."

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ரகசியம் சொல்வது போல் கிட்டே வந்தார். "அத தொறக்காதீங்க. தண்ணி வுட்டா தறிப்பள்ளத்துல ஏறுது. எங்க பொண்ணு நாள் பூரா அதுலதான் கால வுட்டுகினு குந்தியிருக்குது. கால் வெறைச்சிப் போவுதுன்னு சொல்லிச்சி. பாவம். அதான் கட்டி வச்சிகீறேன்."

பள்ளத்தில் ஊறுவது மழைத் தண்ணீர், குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பா என்னை வாழ்நாளில் 'நீங்க' என்று சொன்னதில்லை. கோபம் வந்தால் 'டீ' போட்டுத் திட்டுவார், சந்தோஷம் வந்தாலும் அதே 'டீ'தான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. என் கால் நனையக் கூடாது என்று விடியற்காலைப் பனியில் உட்கார்ந்து நூல் முறுக்கியவருக்கு, எதிரே நிற்கிற என்னைத் தெரியவில்லை.

"சரிங்க, தொறக்கல" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "உள்ள வாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க. காலையிலேர்ந்து கஷ்டப்படறீங்க."

என் வீட்டுக்குள் என்னை அழைத்துப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குடத்தைச் சாய்த்தார். அதில் இருந்த கடைசித் தண்ணீரில்தான் அவருக்குக் காப்பி போட்டிருந்தேன். சமையலறைக் குழாயைத் திருகினார். குளியலறைக்குப் போனார், பின்பக்கம் போனார். ஒவ்வொரு குழாயாகத் திருகும் சத்தம் எனக்குக் கேட்டது. வெறும் டம்ளரோடு திரும்பி வந்து நின்றவரின் முகத்தில் அப்படி ஒரு கூச்சம்.

"தப்பா நெனைக்காதீங்க. இன்னான்னு தெரியல, தண்ணி வரல. எங்க பொண்ணு வந்துட்டா எங்கியாவது போயி புடிச்சாந்து குடுத்துடும்."

"பரவால்லங்க" என்று எழுந்தேன். அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

வாசல் வரை கூட வந்தார். "பாத்துப் போங்க, படியில வழுக்கும்" என்றார். நான் தெருவில் இறங்கியதும் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார். பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, இந்நேரத்துல?"

"வந்து அப்பாவ கூட்டிகினு போடா" என்றேன்.