பூஜ்ஜியத்தைத் தொலைத்த பக்கம்

தேஜோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணிதப் பேராசிரியையாக இருந்த ஓக் கும்ரானுக்கு எங்கள் பதிப்பகத்தில் நாங்கள் வைத்திருந்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார். அவருடைய பள்ளிக் கணக்குப் புத்தகங்களோடு வருடக்கணக்காக மாரடித்த பதிப்பாசிரியன் நான்.

தபேக் மலையில் ஒரு சுரங்க ஊர் அவருக்கு. அப்பா நிலக்கரி வெட்டினார். கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தடவை தோற்றுப்போனார் கும்ரான். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அதன் மூன்று மடங்கு வருகிறது, எண் எது என்று கேள்வி. இரண்டு பக்கத்தையும் அந்த எண்ணாலேயே வகுத்து, மூன்று என்று எழுதிவிட்டார். பூஜ்ஜியமும் விடைதான். பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பதை மறந்து, இருந்த விடையைத் தானே தூக்கி எறிந்திருந்தார். புத்தகத்து வழிமுறைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் எல்லாமே சரியானவை. தப்பு எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகமும் காட்டவில்லை. மகள் மறுபடி எழுதட்டும் என்று, இருமிக்கொண்டே இன்னும் ஒரு வருடம் சுரங்கத்தில் இறங்கினார் அப்பா.

அதனால்தான் கும்ரான் தன் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தப்பான வழிமுறையை, சரியானவற்றுக்கு நடுவே அடையாளமே இல்லாமல் வைத்தார். முன்னுரையில் சொல்லியிருப்பார். முன்னுரையை எந்தப் பிள்ளை படித்தது? விளக்கம் கடைசியில் விடைப் பக்கங்களில் இருக்கும். பிள்ளைகளின் அம்மாக்களோ புத்தகம் வாங்கிய கையோடு விடைப் பக்கங்களைக் கிழித்து ஒளித்துவிடுவார்கள்.

கிம்சோன் என்ற ஊரில் வினை வந்தது. ஒரு வகுப்பே அந்தப் பூஜ்ஜியக் கணக்கின் தப்பான வழியை அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுத்தது. அம்மாக்கள் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் சந்தையில் சோற்றுக்குத் தொடுகறி விற்கும் கடை வைத்திருக்கும் மா சுன்னே.

“காசு குடுத்துத் தப்பையா வாங்குறோம்? எம் பொண்ணு ஒரு வரி விடாம நெட்டுரு போட்டிருக்கா!”

“விளக்கம் கடைசிப் பக்கத்துல இருக்கேம்மா. அது எங்க?” என்றார் பேராசிரியர்.

“கிம்ச்சி ஊறுகாய் வெக்கிற ஃபிரிட்ஜுக்கு அடியில. கையில குடுத்தா பார்த்து எழுதிட மாட்டாளா?”

எனக்குச் சிரிப்பு முட்டியது. பேராசிரியர் சிரிக்கவில்லை.

“நெட்டுரு போட்டதை ஒரு தடவை யோசிச்சுப் பார்த்தாளா?”

“நல்லா இருக்கே ஞாயம்! இனிமே இந்த அம்மா பேரு போட்ட புத்தகம் எங்க ஊருக்குள்ள வரக் கூடாது.”

அவர்கள் போனதும் எங்கள் பதிப்பக முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ப்ரொபசரம்மா, அந்தத் தப்புப் பக்கங்களை எடுத்துடுங்க. இல்லேன்னா நான் புத்தகத்தையே நிறுத்தணும்.”

“பக்கம் போகாது.”

“அவங்க கோவமெல்லாம் உங்க பேரு மேல.”

“அப்ப பேரை எடுங்க.”

நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த அவருடைய அப்பா, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அட்டையில் மகளின் பெயரைத் தடவிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

“அப்பாகிட்ட என்ன சொல்வீங்க?” என்று கேட்டேன்.

“அட்டையில இல்ல, புத்தகத்துக்குள்ள இருக்கேன்னு சொல்வேன்.”

முதலாளி ஒத்துக்கொண்டார். அடுத்த வகுப்புக்கான புத்தகம் ‘ஆசிரியர் குழு’ என்ற பெயரில் வந்தது. தப்புகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

சில மாதம் கழித்து மா சுன்னே தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே பேராசிரியர் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார்.

“அந்தப் பழைய அம்மாவை விரட்டினது நல்லதாப் போச்சு! இந்தப் புது ஆளு கெட்டிக்காரரு. வேணும்னே தப்பு வெச்சுப் பிள்ளைங்களைச் சீண்டுறாரு. எம் பொண்ணு இப்ப எந்தக் கணக்கையும் நம்புறதில்ல, ஒவ்வொரு வரிகூடவும் சண்டை போடுறா. நேத்து அவளே ஒண்ணைப் பிடிச்சுட்டா! அந்தத் தப்புகளை மட்டும் எடுத்துடாதீங்கன்னு அவருகிட்ட சொல்லுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். பேராசிரியர் வேகமாகத் தலையாட்டித் தடுத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

“அடுத்த பதிப்புல இன்னும் கஷ்டமா வெப்பாராம்னு சொல்லுப்பா” என்று கிசுகிசுத்தார்.