உண்டியலில் விழுந்த நேட்டிவிட்டி

புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. பாட ஒருத்தியைக் கூப்பிடுவீர்கள் என்றால் நான் எழுந்திருக்கவே மாட்டேன், என் குரல் அப்படி. ஆனால் ஏழுமலையான் எனக்குச் செய்ததைச் சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்வேன். பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.

1960, ஆனி மாதம். திருப்பதியில் ஒரு பெண்கள் காலேஜ். ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் படிப்பு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். ஆனால் தாலுகா திருத்தணி. தினமும் மூன்று மைல் நடந்து நகரி ஹைஸ்கூலில் படித்தேன். எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய முதல் பெண் நான்தான். பி.யு.சி. படிக்க வேண்டும், பிறகு டீச்சர் ஆகவேண்டும். இதுதான் என் ஆசை. நைனா, அதாவது என் அப்பா, விவசாயி, கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். திருப்பதியில் அத்தை வீட்டில் தங்கிப் படிப்பதானால் சரி. வேறெங்கேயும் அனுப்ப மாட்டேன், இந்த வருஷம் சேராவிட்டால் வீட்டோடு இரு.

அந்த வருஷம்தான் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகப்போகிறது என்று மாசியிலேயே பேச்சு. நைனா உஷார்ப் பேர்வழி. "ஆபீஸ் கை மாறிச்சின்னா அப்பால யாரு பின்னால சுத்திக்கினு இருக்கறது?" என்று, முன்கூட்டியே ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடமும் தாசில்தார் ஆபீஸுக்கும் நாலு நடை நடந்து, நான் இந்த மண்ணில் பிறந்தவள் என்ற நேட்டிவிட்டி சர்டிபிகேட்டை வாங்கிவிட்டார். அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, "உசிரு மாதிரி வச்சிக்கோ" என்றார்.

அம்மா உயிர் மாதிரியே வைத்தாள். அதுதான் வம்பு.

நான் பரீட்சைக்குப் போன அன்றே அம்மா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பெண் காலேஜுக்கு எலிஜிபிள் ஆனால் முடிப்பை மலையில் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று வேண்டுதல். ரிசல்ட் வந்தது. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'காலேஜ் படிப்புக்குத் தகுதி' என்று முத்திரையும் விழுந்தது. அன்று எங்கள் தெருவே பாயசம் சாப்பிட்டது.

சேர்க்கையின் கடைசி நாள் மூன்று பேரும் திருப்பதியில் இருந்தோம். முதலில் சாமி கடன், அப்புறம் காலேஜ் என்றார் நைனா. விடிந்ததும் மலை ஏறினோம். நல்ல தரிசனம். நைனா முடிப்பைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டார். இறங்கி வந்து இட்லி சாப்பிட்டு, நேராகக் காலேஜ் ஜன்னலுக்குப் போனோம்.

குமாஸ்தா தெலுங்குக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். அப்ளிகேஷனைப் புரட்டிவிட்டு, "நேட்டிவிட்டி ஏதம்மா?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நைனாவைப் பார்த்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"முடிப்புலதான் வச்சி கட்டனேன். சாமி முடிப்ப எலி தொடாது, பசங்க தொடாதுன்னு..."

"எந்த முடிப்பு?"

"காலையில போட்டீங்களே."

நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராகப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "உண்டியல்ல போட்டதத் திருப்பிக் கேக்கலாமா?" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். மறுபடி எழுதி வாங்கவும் வழியில்லை, ஆபீஸே அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது. ஜன்னல் நாலு மணிக்கு மூடுவார்கள்.

நான் கண்ணை மூடினேன். அது ஜபம் இல்லை, சண்டை. "பெருமாளே, உனக்கு எதுக்கு என் நேட்டிவிட்டி? நீ எந்த ஊர், எந்த தாலுகான்னு நாங்க ஒரு நாளாவது கேட்டோமா? வாங்கிக்கிட்டே இல்ல, இப்ப நீயே எனக்கு வழி காட்டு."

கண்ணைத் திறந்தால், ஜன்னலில் சரோஜா. என் வகுப்புக்காரி, பக்கத்து ஊர். அவளும் அவள் அண்ணனும் அதே தாசில்தாரிடம் வாங்கிய நேட்டிவிட்டியை நீட்டினார்கள். குமாஸ்தா முத்திரையைப் பார்த்ததும் திருப்பித் தந்துவிட்டார். "இது இப்ப மெட்ராஸ் ஸ்டேட். இங்க செல்லாது. அங்க போய் அப்ளை பண்ணு."

என் காகிதத்திலும் அதே முத்திரைதானே! கையில் இருந்திருந்தால் எனக்கும் அதே பதில்தான்.

சரோஜா அழுதுகொண்டே நகர்ந்தாள். குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். சாமிக்குப் போட்டுவிட்டோம் என்று அம்மா உள்ளதைச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்து முடித்து, "சர்டிபிகேட்டே லேதா?" என்று கேட்டு, விதித்தாளை எடுத்து முதல் முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். நேட்டிவிட்டி இல்லாதவர்கள், கடைசி மூன்று வருஷம் இந்த மாநிலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் காட்டினால் போதும் என்று அதில் இருந்தது. நகரி ஆந்திராவிலேயேதான் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கொடுத்தேன். 'டக்'கென்று முத்திரை குத்தினார்.

நான் சந்தோஷத்தில் கத்த மறந்து, "சார், சரோஜாவும் நகரி ஸ்கூல்தான் சார்!" என்றேன். அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். காதைச் சொறிந்துகொண்டார். "சரி, பிலுவு, கூப்பிடு அந்தப் பொண்ணை" என்றார். சரோஜாவைப் பிடிக்கக் கேட் வரைக்கும் ஓடினேன். என் செருப்பு அறுந்தது அன்றைக்குத்தான்.

நைனாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் மலை இருந்த பக்கம் திரும்பி, தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

நானும் சரோஜாவும் ஒரே பெஞ்சில் பி.யு.சி. படித்தோம். இரண்டு பேரும் டீச்சர் ஆனோம். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனேன். இன்றைக்கும் ரிசல்ட் வந்தால் பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள், எந்த கோர்ஸ் எடுக்கலாம், எனக்குத் தகுதி இருக்கா டீச்சர் என்று. நான் இரண்டே விஷயம் சொல்வேன். சாமி கும்பிடு. விதியைக் கடைசி வரி வரைக்கும் படி, நடுவில் நிறுத்தி அழாதே.

உங்களில் யாருக்காவது இப்போது ஒரு கதவு மூடியிருக்கலாம். கைக்கு வந்தது நழுவிப் போயிருக்கலாம். அவரோடு சண்டை போடுங்கள், தப்பில்லை. ஆனால் ஜன்னலை விட்டு நகராதீர்கள். போனது அவர் கையில்தான் இருக்கிறது என்று நம்புங்கள். நான் நம்பியதால் சொல்லவில்லை, நம்பாமல் நின்ற எனக்கே அவர் செய்தார்.

அம்மா கடைசி வரைக்கும் தன் தப்பை ஒத்துக்கொள்ளவே இல்லை. நைனா கிண்டல் பண்ணும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"பத்திரமான எடத்துலதான வச்சேன்?"