பேர் வைக்காத மாத்திரை

அந்த மாத்திரைக்குப் பேர் இல்லை. அட்டையில் ஓர் எழுத்தும் நாலு இலக்கங்களும் மட்டும் இருந்தன. இன்னும் கடைக்கு வராத மருந்து, வேறு மருந்துகளில் குணமாகாதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம் என்று டவுன் ஆஸ்பத்திரியின் மனநோய் டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

அக்கா ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவள். பத்து வருஷமாக அவளுக்குக் குரல்கள் கேட்டன. ஒவ்வொரு மரமும் அவளைப் பேர் சொல்லித் திட்டுமாம். கத்தியைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு மலைச்சரிவிலேயே உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, குழாயடியில் இரண்டு பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் மரங்கள் இலை உதிர்க்கும் காலம் வந்தது. மலை முழுக்கச் செம்பு நிறம். காலைப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து இலைகள் ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. எங்கிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை. அக்கா நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஒன்னுமே கேக்கல புள்ள. எல விழுற சத்தம் மட்டுந்தான் கேக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாட்களை இப்போது நினைத்தால் கனவில் நடந்தது மாதிரி இருக்கிறது. அக்கா தலை சீவிக்கொண்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். என் கறியை வாயில் வைத்துவிட்டு, "இதுக்கு அந்தக் கொரலுங்களே பரவாயில்ல" என்றாள். இரண்டு பேரும் புரையேறச் சிரித்தோம். எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்த மாதம் இருக்கும் மருந்து அடுத்த மாதம் இருக்காது. அதனால் எங்கள் லயத்தில் யாரும் மருந்தை முழுசாகச் சாப்பிடுவதில்லை. காய்ச்சல் இறங்கியதும் மிச்சத்தைப் போத்தலில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவோம். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும். நானும் அதையே செய்தேன். அக்காவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் அதே நிறத்தில் ஒரு விட்டமின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நிஜத்தைப் போத்தலில் சேர்த்தேன். அவளுக்கும் சொல்லவில்லை.

குரல்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்தன. மாதா மாதம் மாவனல்லையில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய், காலி அட்டைகளை டொக்டரிடம் ஒப்படைப்போம். குரல்கள் இன்னும் வருகின்றன என்று சொன்னதும், தினமும் கொடுக்கிறாயா என்று கேட்பார். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று நல்ல சிங்களத்தில் சொல்வேன். என் சிங்களத்தைப் பற்றி எனக்குப் பெருமை வேறு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எதையோ எழுதிக்கொள்வார்.

அடுத்த வருஷம் அவரே எங்களை அழைத்துச் சொன்னார். மருந்து எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லையாம், கம்பெனி கைவிட்டுவிட்டதாம். அட்டைகள் இனி வராது.

எத்தனையோ ஊர்களில் கொடுத்துப் பார்த்த மருந்து. எங்கள் ஒரு வீட்டால் நின்றுபோயிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் போத்தலில் சேர்த்தார்களோ என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

வீட்டுக்கு வந்து போத்தலைத் திறந்தேன். இந்த முறை ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தேன். சேர்த்தது மூன்று மாதத்துக்கு வந்தது. அந்த மூன்று மாதமும் ஒரு குரலும் கிட்ட வரவில்லை. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது.

கடைசி மாத்திரையைக் கொடுத்த காலையில், மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகத்தானே சேத்த," என்றாள். பிறகு, "இது எனக்கு நல்லா வேல செஞ்சிச்சின்னு இனி யாருகிட்ட போய் சொல்றது?" என்று கேட்டாள்.

அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையில் ஏறினாள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவள் பின்னாலேயே மரம் மரமாக நடந்தேன்.