பத்மாசனி மாமி வளர்த்த ஆர்க்கிட்

எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பதிலிருந்து யார் வீட்டுப் பிள்ளை எந்தக் காலேஜில் சேருவது என்பது வரை முடிவு செய்கிறவர் பத்மாசனி மாமி. இங்கே திருப்பதியிலேயே கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு என்ற ஒன்றை அடுத்தவர் நோட்டில் மட்டுமே பார்த்துப் பழகியவர். நான் எதிர்வீட்டு ஷோபா, நகரிக்காரி. மாமியிடம் தினமும் திட்டு வாங்குவேன். திட்டி முடித்ததும் அவர் கொடுக்கும் காபியையும் வாங்கிக்கொள்வேன்.

மாமியின் ஒரே மகள் மைத்ரேயி, பலமனேரில் மாட்டு டாக்டர். கூட வேலை பார்த்த ஸ்ரீஹரி என்ற தெலுங்குப் பையனை, மாமி கூடாது என்று சொன்ன பிறகும் கல்யாணம் செய்துகொண்டாள். அடுத்த மாதமே இரண்டு பேரும் வந்து நின்றார்கள். மகள் கையில் ஆர்க்கிட் தொட்டி ஒன்று, காம்பு நிறைய ஊதாப் பூக்கள். அவள் வீட்டு பால்கனியில் இப்படி நிறைய வளர்க்கிறாளாம். மாமி காபி கொடுத்தார். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மைத்ரேயி, "எங்காத்துக்கு எப்பம்மா வருவே?" என்று கேட்டாள்.

"இந்தப் பூவெல்லாம் கொட்டட்டும். மறுபடி எங்கிட்ட பூக்கட்டும். அப்போ வரேன்" என்றார் மாமி.

வரமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் பூவெல்லாம் ஒவ்வொன்றாகக் கொட்டி மொட்டைக் காம்பு மட்டும் நின்றபோது, மாமிக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மகளின் அறையைக் காலையில் பெருக்குவார், சாயங்காலம் மறுபடி பெருக்குவார். போக வேண்டும் என்று உயிர் அடித்துக்கொண்டது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை. ஆகவே செடி பூத்தே தீர வேண்டும்.

"பூக்க வைக்கறேனா இல்லையா பாருடி. பவழமல்லியும் செம்பருத்தியும் வளர்த்த கை இது" என்றார்.

வளர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். மாமியின் கணவர் சம்பத்குமார் மாமா தினமும் பூஜையில் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்வார். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்ட தண்ணீர். விசேஷ நாளென்றால் பாலும் தேனும் உண்டு. பெருமாள் குளித்த அந்தத் தீர்த்தம் கால் படுகிற இடத்தில் விழக் கூடாது என்று துளசி அடியில் ஊற்றுவது அவர்கள் வழக்கம். மாமி துளசியை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஆர்க்கிட்டுக்குத் திருப்பிவிட்டார். தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுப்பதாகத்தான் அவர் நினைப்பு.

முதலில் எறும்பு வந்தது. "லக்ஷ்மீகரம்" என்றார் மாமி. பிறகு இலை மஞ்சளித்தது. "பழுத்த இலை போனாத்தான் புதுசு வரும்" என்றார். அதற்கும் பிறகு புளித்த மோர் நாற்றம் அடித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. செடியைத் தொட்டியிலிருந்து உருவினேன். வேரெல்லாம் கொழகொழவென்று கையோடு வந்தது.

"இன்னா மாமி இது, செடிக்கு யார்னா பாலு ஊத்திக்கினு இருப்பாங்களா?"

"பால் இல்லடி, தீர்த்தம்."

"பெருமாள் துன்றதெல்லாம் இது துன்னுமா? மரத்துமேல ஒட்டிக்கினு காத்துல வளர்ற செடின்னு உங்க பொண்ணு சொல்லிட்டுதானே போச்சு!"

மாமி நாற்காலியில் உட்கார்ந்து செடியை மடியில் வைத்துக்கொண்டார். "செத்துப்போச்சாடி?" என்றார். அது டீச்சர் குரலே இல்லை.

நான் வேர்களை நசுக்கிப் பார்த்ததில் கெட்டியானது கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவ்வளவுதான், மாமிக்கு டீச்சர் குரல் திரும்பி வந்துவிட்டது. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டினார், அழுகலை வெட்டினார், வெட்டிய இடத்தில் மஞ்சள்பொடி வைத்தார். சுற்றிலும் ஓட்டை போட்ட தொட்டியில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் நிரப்பி நட்டார். தீர்த்தம் மறுபடி துளசிக்கே போனது.

"காஞ்சாத்தான் ஜலம். மத்த நாளெல்லாம் உபவாசம்" என்று சட்டம் போட்டார். போட்டவருக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. சொம்பை எடுப்பார், தொட்டியில் விரலை விட்டுப் பார்ப்பார், ஈரமிருந்தால் தன்னைத்தானே திட்டிக்கொண்டு சொம்புத் தண்ணீரைத் தானே குடித்துவிடுவார்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் இலைக்கும் தண்டுக்கும் நடுவே பச்சையாக ஒரு முனை எட்டிப்பார்த்தது. மாமி போட்ட கூச்சலில் நான் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். பூக்காம்பு என்றார். வாரம் முழுக்க ஊருக்கெல்லாம் காட்டினார். சனிக்கிழமை பலமனேருக்குப் போன் செய்தார். "மொட்டு விட்டுடுத்து. நாளைக்கு வரேன்." அந்தப் பக்கம் மைத்ரேயி அழுதது எனக்கே கேட்டது.

மாமாவுக்குக் கோயிலில் பாராயணம் இருந்ததால் என்னைத் துணைக்கு அழைத்தார். சித்தூர் தாண்டி பஸ் மொகிலி மலைப்பாதையில் ஏறும்போது, மாமி மடியிலிருந்த தொட்டியை வெயிலில் நன்றாகப் பார்த்தேன். முனை மேலே போகவில்லை. வெள்ளிப் பூச்சோடு வளைந்து கீழே இறங்கியிருந்தது.

"மாமி... இது காம்பு இல்ல. வேரு."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"புதன்கிழமையே தெரியும். கணக்கு டீச்சருக்கு மேலே போற கோடு எது, கீழே போற கோடு எதுன்னு தெரியாதாடி?"

"தெரிஞ்சிக்கினே போன் பண்ணீங்களா?"

"பூக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என் பொண்ணைப் பாக்காம இருக்க என்னால முடியாது. வாயை மூடிண்டு வா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலமனேரில் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தவன் ஸ்ரீஹரி. "ரண்டி அத்தையா, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றுப் பையை வாங்கிக்கொண்டான். தொட்டியைத் தொடலாமா என்று தயங்கினான். மாமி அதை அவனிடம் நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்கோ, மாப்பிள்ளை."

அவனிடம் மாமி பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பின்னாலேயே வந்த மைத்ரேயி குனிந்து அந்த முனையைப் பார்த்தாள். பால்கனி நிறைய ஆர்க்கிட் வளர்க்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வராந்தாவில் சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல மொட்டும்மா" என்றாள்.

"பின்னே? வளர்த்தது யாரு?" என்று சொல்லிக்கொண்டே மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.